'போயிட்டார்' என்றொரு பொத்தான்

கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

எது நல்ல இயங்குதளம் என்று கேட்டிருந்தீர்கள். ஒருவர் லினக்ஸ் என்கிறார், ஒருவர் விண்டோஸ் என்கிறார், இரண்டு பேருக்கும் நடுவில் மத்தியஸ்தத்துக்கு ஓய்வு பெற்ற என்னை இழுக்கிறீர்கள். நான் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவது உங்களுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. சரி, கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் ஓடிய காலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ வந்தன, போயின. எந்த இயங்குதளமும் எனக்கு மாமனுமில்லை, மச்சானுமில்லை. என்னைக் கேட்காமல் நடுவேலையில் தானாக அணையாத எதுவும் எனக்கு நல்லதுதான். கிராமத்து அலுவலகம் ஒன்றுக்குக் கணினி கொடுப்பதென்றால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: பழுதானால் யார் திருத்துவார்? ஓட்டமாவடிச் சந்தியில் கணினி திருத்தும் கடைக்காரருக்கு எது கைவந்ததோ, அதுதான் மாங்கேணிக் கிராமத்துக்கு நல்ல இயங்குதளம். இதைக் கேட்டு லினக்ஸ்காரப் பிள்ளை முகத்தைச் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

நிரல் எழுதப் பழகுவதை எந்த மொழியில் தொடங்குவது என்பது அடுத்த கேள்வி. எதிலாவது தொடங்குங்கள். நான் பழகிய முதல் மொழி செத்துப் பல வருடமாகிறது. அதில் கற்றது இன்னும் கையில் இருக்கிறது. எனக்குப் பழக்கிவிட்ட மேலதிகாரி ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். நான் மூச்சிரைக்க ஓடிப்போய், "சேர், புரோகிராம் வேலை செய்யிது" என்றால், கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "ஆருக்கு?" என்று கேட்பார். அவ்வளவுதான். எனக்குக் கோபம் கோபமாக வரும். வேலை செய்கிறது என்றால் எல்லாருக்கும்தானே வேலை செய்யும், இது என்ன கேள்வி என்று முணுமுணுத்துக்கொண்டு போவேன். அந்தக் கேள்வி எனக்கு விளங்க இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. விளங்கிய நாளைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். என்னுடைய பிழைகளில் பெரியது அது. நல்ல பெயர் எடுத்த கதைகளை மற்றவர்கள் சொல்வார்கள்.

கரையோர மீனவர் சங்கங்களுக்கு ஒரு மென்பொருள் எழுதித் தரும்படி எங்கள் பிரிவிடம் கேட்டிருந்தார்கள். காலையில் எந்தப் படகு கடலுக்குப் போனது, எது திரும்பியது என்று சங்கத்து எழுதுவினைஞர் பதிய வேண்டும். அது நகரத்தில் இருக்கும் தலைமை அலுவலகத்துத் திரையிலும் தெரியும். காற்று மழை வந்தால் எந்தக் கரையிலிருந்து எத்தனை படகு கடலில் நிற்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்துக்கு மீட்புப் படகை அனுப்பலாம். நோக்கம் அருமையானது. நிரலும் சின்னது, நானே எழுதினேன்.

முதலில் இரண்டு பொத்தான்கள் வைத்திருந்தேன்: 'புறப்பட்டது', 'திரும்பியது'. பிறகு ஒரு கூட்டத்தில், பாவிப்பவர்களுக்கு இலகுவாக இருக்க வேண்டும், அலுவலகத் தமிழ் வேண்டாம், சனங்கள் பேசுகிற சொல்லாகப் போடுங்கள் என்றார்கள். எனக்கும் அது சரியென்று பட்டது. அன்று பின்னேரமே மாற்றினேன். 'போயிட்டார்', 'வந்திட்டார்'. எழுத்தைப் பெரிதாக்கி, ஒன்றுக்கு நீலமும் மற்றதற்குப் பச்சையும் பூசினேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. பட்டியலில் இருக்கும் எல்லாப் பெயரும் தொடக்கத்தில் பச்சையாக 'வந்திட்டார்' என்று நிற்கும். கடலுக்குப் போகும்போது நீலத்தை அமுக்க வேண்டும். இதைவிட இலகுவாக என்ன இருக்கிறது?

மாங்கேணியில் சங்க அலுவலகம் கரையோடு ஒட்டிய ஒற்றை அறை. எழுதுவினைஞர் முப்பத்தைந்து வயதுப் பெண். என்னைவிட இருபது வயது இளையவள், அவள் என்றே எழுதுகிறேன். விடிய ஐந்தரைக்கு அறையைத் திறந்துவிடுவாள், ஏனென்றால் படகுகள் போகிற நேரம் அது. நான் பழக்கப் போன நாளில் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். கடைசியில் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ், இதுக்கு வேற சொல்லு ஒண்டும் இல்லையா?"

"ஏன் புள்ள, விளங்கல்லையா?"

"விளங்குது மிஸ்."

"மறுகா என்ன? நீங்க கதைக்கிற சொல்லுதானே இது. லேசாத்தானே இரிக்கு."

"ஓம் மிஸ்" என்றாள்.

நான் மடிக்கணினியை மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அந்த 'ஓம்' எதற்கு என்று நின்று கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

மூன்று வாரம் கழித்து, கார்த்திகை மாதம், எப்படி நடக்கிறது என்று பார்க்கத் திரும்பப் போனேன். காலை பத்து மணி இருக்கும். வெயில் எறித்துக்கொண்டிருந்தது. அவள் எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. மேசைக்குப் பக்கத்தில் இருந்த நானே எடுத்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு ஆண் குரல், அவசரமாக. இரண்டு மணித்தியாலத்துக்குள் பலத்த காற்று வருகிறது, கரையெல்லாம் எடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், உங்கள் கரையில் எத்தனை படகு வெளியில் நிற்கிறது?

திரையைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை பச்சை.

"ஒருத்தரும் இல்ல. எல்லாரும் வந்திட்டாங்க" என்றேன்.

"ஓம், எங்கட திரையிலயும் பூச்சியம் எண்டுதான் காட்டுது. அப்ப உங்கட பக்கம் தேவையில்ல, மற்றப் பக்கம் அனுப்புறம்."

தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இல்ல மிஸ். ஏழு போட்டு கடலில நிக்கி."

"எங்க நிக்கி? எல்லாம் வந்திட்டார் எண்டுதானே கிடக்கு?"

அவள் சுவரைக் காட்டினாள். கதவுக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். ஏழு ஆணியில் ஏழு மோட்டார் சைக்கிள் சாவிகள் தொங்கின. கடலுக்குப் போகிறவர்கள் திறப்பைச் சட்டைப் பையில் வைத்துத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள் என்பதால், போகும்போது அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள், வந்ததும் வாங்கிக்கொள்வார்கள். வெளியே தென்னை மரத்தடியில் ஏழு மோட்டார் சைக்கிள் நிற்பதை நான் வரும்போதே பார்த்திருக்கிறேன். கூட்டம் ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தாண்டி வந்திருக்கிறேன்.

தொலைபேசியில் அந்தக் குரல் கேட்டது: "மிஸ், வைக்கட்டா? பூச்சியம் எண்டு எழுதட்டா?"

பிள்ளைகளே, அந்த நேரத்தில் என் மனதுக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். முதலில் ஓடியது ஏழு பேரின் உயிர் அல்ல. 'என் நிரலில் பிழை இருக்காது, இவள்தான் எங்கேயோ பிழையாக அமுக்கியிருக்கிறாள்' என்பதுதான் ஓடியது. மென்பொருளைக் கொடுத்து மூன்று வாரம்தான் ஆகிறது, அதற்குள் அதைப் பொய் சொல்கிறது என்று நானே தலைமை அலுவலகத்துக்குச் சொல்வதா என்று ஓடியது. சில நொடிதான். ஆனால் ஓடியது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"பூச்சியம் இல்ல. ஏழு" என்றேன்.

"திரையில அப்பிடிக் காட்டயில்லயே மிஸ்."

"திரையைப் பாக்காதீங்க தம்பி. அத எழுதினது நான்தான். அது பிழை. நான் சொல்லுறன், ஏழு பேர் வெளியில. எழுதுங்க. மீட்புப் போட்டை இஞ்ச அனுப்புங்க."

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு எழுதினார். எழுதும்போது எண்ணைத் திருப்பிச் சொன்னார்.

நான் தொலைபேசியை வைப்பதற்குள் அவள் தன் கைபேசியில் அழைக்கத் தொடங்கிவிட்டாள். பட்டியலில் அந்த ஏழு பெயரையும் பார்த்து ஒவ்வொருவராக எடுத்தாள். நான்காவது பெயரைத் தாண்டிப் போனாள். நான் விரலை வைத்து, இது விடுபட்டுவிட்டதே என்று காட்டினேன். தலையை மட்டும் ஆட்டினாள். நான்கு பேர் பேசினார்கள், உடனே திரும்புவதாகச் சொன்னார்கள். இரண்டு பேருக்கு மணி போகவில்லை. ஆறு பேருக்கும் எடுத்து முடித்த பிறகுதான் அந்த நான்காவது பெயருக்கு எடுத்தாள். அதற்கும் மணி போகவில்லை. கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "இவர் எங்கட வீட்டுக்காரர் மிஸ்" என்றாள்.

எனக்கு அவளுடைய கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிடித்தேன்.

காற்று சொன்ன நேரத்துக்கு முந்தியே வந்தது. பேசிய நான்கு பேரும் மணல் பறக்கப் பறக்க வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருவரும் உள்ளே வந்து திறப்பை எடுக்கும்போது அவள் எழுந்து நின்று கொடுத்தாள். ஒரு மணி போல ஐந்தாவது. பிறகு ஆறாவது. அதன் பிறகு ஒரே ஒரு திறப்புத்தான் ஆணியில் கிடந்தது. அறைக்குள் வந்த ஆறு பேரும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. ஈர உடுப்போடு சுவரோரம் குந்தியிருந்தார்கள். என் நீலப் பச்சைத் திரை மட்டும், ஏதோ எல்லாம் நன்றாக நடப்பதுபோல் மின்னிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டேன்.

இரண்டரை மணி இருக்கும், மீட்புப் படகு அவளுடைய வீட்டுக்காரரின் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சின் நின்று, படகின் முன்முனையான அணியத்தைக் காற்றுக்குத் திருப்ப முடியாமல் தத்தளித்துக்கொண்டிருந்தவரை எடுத்திருக்கிறார்கள். மெலிந்த, சிரித்த முகமுள்ள மனிதர். நடுங்கிக்கொண்டு உள்ளே வந்து, "என்ன கா, திறப்பத் தா" என்றார், ஒன்றும் நடக்காததுபோல. அவள் திறப்பை அவர் மேல் எறிந்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன். எனக்கு அங்கே அழுவதற்கு உரிமை இருந்ததா என்று தெரியவில்லை, ஆனால் அழுதேன்.

எல்லாரும் போன பிறகு அவளிடம் கேட்டேன். அதட்டிக் கேட்கவில்லை, அந்தத் துணிவு எனக்குப் போய்விட்டிருந்தது.

"ஏன் புள்ள, ஒரு நாளும் நீலத்தை அமுக்கல்லையா?"

"எப்பிடி மிஸ் அமுக்கிற? விடியச்சாமத்தில கடலுக்குப் போற மனிசன். போயிட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுத் திறப்பத் தாறார். அவர் கண்ணுக்கு முன்னால நான் 'போயிட்டார்' எண்டு அடிக்கிறதா? செத்த வீட்டில சொல்லுற சொல்லுதானே அது."

அவள் சொன்னது எனக்குத் தெரியாததா? நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். கல்லடியில் என் அம்மா நான் வேலைக்குப் புறப்படும்போது 'போறன்' என்று சொன்னால் கூப்பிட்டு நிறுத்தி, 'வாறன்' என்று சொல்ல வைத்துத்தான் விடுவார். அப்பா இறந்தபோது வீட்டுக்கு வந்தவர்களுக்கு நான் சொன்னதும் 'அப்பா போயிட்டார்' என்றுதான். வாயில் தினமும் வருகிற சொல், கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் மறந்து போயிருக்கிறது. 'புறப்பட்டது' என்று பழைய அலுவலகத் தமிழிலேயே விட்டிருந்தால்கூட அவள் மனம் கோணாமல் அமுக்கியிருப்பாள். இலகுவாக்குகிறேன் என்று நான் கை வைத்ததுதான் வினையானது. அவளோ பிழையான பொத்தானை அமுக்கவில்லை. ஏழு பேர் மேல் அந்தச் சொல் விழாமல் பார்த்துக்கொண்டாள். கணக்கை ஆணியில் சரியாக வைத்திருந்தாள்.

"அப்ப என்ன சொல்லுப் போடுவம்?" என்று கேட்டேன்.

யோசிக்கவே இல்லை. "போயிட்டு வாறார்."

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். மறுநாள் விடிய அவள் அமுக்க அமுக்க, தலைமை அலுவலகத்துத் திரையில் மாங்கேணி முதல் தடவையாக நீலமானது. அதற்குப் பிறகு நடந்த கூட்டத்தில் ஒருவர், 'போயிட்டு வாறார்' என்பது ஒரு நிலையா, ஒன்றில் போயிருக்க வேண்டும் அல்லது வந்திருக்க வேண்டும் என்று வாதாடினார். தருக்கப்படி அவர் சொன்னதில் பிழையில்லை. நீங்கள் ஒரு தடவை கரைக்கு வந்து நின்று பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். வரவில்லை, ஆனால் கையெழுத்து வைத்தார். கதிரவெளி வரைக்கும், இந்தப் பக்கம் ஓட்டமாவடியில் ஆற்றுக்குத் தோணி விடுகிறவர்கள் வரைக்கும் அந்தப் பொத்தான் போனது. எல்லா இடமும் சிக்கலில்லாமல் வேலை செய்தது. அன்றைக்குப் பிறகு எந்தப் புது மென்பொருளைக் கொடுத்தாலும் பழக்கிவிட்டு நான் உடனே பஸ்ஸுக்கு ஓடுவதில்லை. ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்து, எந்த இடத்தில் விரல் தயங்குகிறது என்று பார்ப்பேன். உங்களையும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். லினக்ஸில் எழுதினாலும் சரி, விண்டோஸில் எழுதினாலும் சரி.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இன்னொன்றையும் உங்களுக்குச் சொல்லாமல் முடியாது. ஒரு படகு இரண்டு நாளுக்கு மேல் நீலமாகவே நின்றால், வாராந்த அறிக்கையில் அது சிவப்பு வரியாக வரும்படி எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமைகளில் வரும் அறிக்கையில் ஒரே ஒரு வரி, எப்போதும் மாங்கேணியின் அதே ஒரு பெயர். பழைய தரவு, சுத்தம் செய்ய வேண்டும் என்று நீங்கள் குறித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் அவளுடைய வீட்டுக்காரர் கடலுக்குப் போனவர் வரவில்லை. அந்த முறை எண்ணிக்கை சரியாக இருந்தது, மீட்புப் படகும் நேரத்துக்குப் போனது, பல நாள் தேடினார்கள். படகு மட்டும் கிடைத்தது. சில மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது: இந்தப் பதிவு பிழையாக நிற்கிறது, நேரில் போய்த் திருத்தவும்.

போனேன். அவள் அதே மேசையில் இருந்தாள். ஆணியில் அவருடைய திறப்பு இல்லை. மோட்டார் சைக்கிளை இப்போது மகள் வேலைக்கு எடுத்துக்கொண்டு போகிறாளாம். கடிதத்தை அவளிடமே நீட்டினேன். வாசித்துவிட்டு மடித்துத் தந்தாள்.

"எனக்கு விளங்காம இல்ல மிஸ். முப்பத்தொண்டாம் நாள் கிரியையும் செஞ்சாச்சி. வேற பொத்தான் வேணுமெண்டா போடுங்க, மத்த ஆக்களுக்கு உதவும். இதில மட்டும் கை வெக்காதீங்க."

"சரி புள்ள."

"அவர் போயிட்டு வாறன் எண்டுதான் சொன்னவர். நான் அதைத்தான் அடிச்சன். பிழையா அடிக்கல்ல மிஸ்."

அவளுடைய மேசையிலேயே உட்கார்ந்து தலைமை அலுவலகத்துக்குப் பதில் எழுதினேன். பழைய கோப்பில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். ஒரே வரிதான்: நேரில் சென்று பரிசோதித்தேன், பதிவில் பிழை இல்லை.